டோரோவில் மூன்று ராத்திரி

பி.காம். படித்தவர்களுக்கு ரிக்கார்டோவைத் தெரிந்திருக்கும். இங்கிலாந்து துணி நெய்யட்டும், போர்ச்சுகல் ஒயின் செய்யட்டும், மாற்றிக்கொண்டால் இரண்டு பேருக்கும் லாபம் என்று 1817-ல் எழுதி, நம்மையெல்லாம் உருப்போட வைத்த புண்ணியவான். அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய போர்ச்சுகல் ஒயினில் பெரும்பங்கு டோரோ நதிப் பள்ளத்தாக்குச் சரக்குதான். 1756-லேயே எல்லை வகுத்து, கருங்கல் நட்டுப் பிரித்த பிரதேசம். 2001-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்தாயிற்று.

மேனேஜரிடம் கெஞ்சி வாங்கும் பத்து நாள் லீவில் ஏழு தேசம் பார்க்கிற ஆசாமியா நீங்கள்? அப்படியானால் டோரோவை விட்டுவிடுங்கள் ஸார். காலையில் பஸ் ஏற்றி, இரண்டு தோட்டத்தில் நாலு கிளாஸ் நீட்டி, ராத்திரி போர்ட்டோவில் இறக்கிவிடுவார்கள். தலைவலிதான் மிச்சம். போர்ட் ஒயினில் ஆல்கஹால் சுமார் 20 சதவீதம். திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே பிராந்தி ஸ்பிரிட்டை ஊற்றி நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரை அப்படியே தங்கிவிடும். பாயசம் மாதிரி இறங்கும், அப்புறம்தான் வேலையைக் காட்டும். அதனால் காரும் வேண்டாம். மலைப்பாதை முழுக்கக் கொண்டை ஊசி வளைவு.

போர்ட்டோவில் ரயில் ஏறி வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். கொஞ்ச நேரம் ஊரும் வீடுமாகப் போகும். அப்புறம் ஆறு வந்து பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். சுமார் இரண்டரை மணி நேரத்தில் பின்யாவ். ஸ்டேஷன் சுவரில் திராட்சை அறுவடை முழுவதையும் நீல ஓட்டில் வரைந்திருக்கிறார்கள். இங்கே மூன்று ராத்திரி தங்குங்கள். எதிரே மலை, மலை முழுக்கப் படிக்கட்டு வயல். பாறையை உடைத்து மனுஷன் கட்டியது. நடுவில் சில படிகள் புதர் மண்டிக் கிடக்கும். 1860-களில் வந்த ஃபிலாக்ஸெரா பூச்சி தின்று தீர்த்த தோட்டங்கள், திரும்ப யாரும் நடவில்லை.

கணக்குப் படித்த புத்தி ஒன்று சொல்கிறது. விளைவது இங்கே, கம்பெனிகளின் பெரிய கிடங்குகள் கடலோரம் காயாவில். 1986 வரை தோட்டக்காரர் நேராக ஏற்றுமதி செய்ய முடியாது, காயா வழியாகத்தான் போகவேண்டும். தரகு எங்கேயும் தரகுதான்! ஆகவே பாட்டில் வாங்குவதானால் மலைமேல் சின்னத் தோட்டத்தில் வாங்குங்கள்.

ஜூலை, ஆகஸ்ட் கூடாது, வெயில் 40 டிகிரியைத் தொடும். வேலூர்க்காரர்கள் சிரிக்கலாம். மே மாதம் அமைதி. செப்டம்பரில் அறுவடை. சில தோட்டங்களில் இன்னும் கல் தொட்டியில் இறங்கிக் காலால்தான் மிதிக்கிறார்கள். ஆனால் ரூம் கிடைக்காது, முன்கூட்டியே எழுதிப் போடவேண்டும்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை: பச்சைப்பசேலென்று கீரை சூப் வரும். அடியில் ஒரு துண்டு பன்றி ஸாஸேஜ் படுத்திருக்கும். கேட்டுவிட்டு ஸ்பூனை எடுங்கள்.