தரகர் இல்லாத உறுதி

கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ ஒரு வீடு விலைக்கு வருகிறது என்ற செய்தியைப் பரப்ப யாருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை. அஸருக்குப் பள்ளிவாசலில் ஒருவர் காதில் போட்டால் மஃரிபுக்கு முன் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவில் கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெண்மக்களுக்கு வீடு கட்டிக் கொடுத்து, வளவுகள் ஆறு, எட்டு பேர்ச்சஸாகக் குறுகிவிட்டன. அடுத்த வளவு எப்போது விலைக்கு வரும் என்று காத்திருக்கும் வாப்பாமார் எல்லாத் தெருவிலும் உண்டு. ஷாபிஈ மத்ஹபின்படி முதலில் கேட்டு வாங்கும் உரிமை கூட்டுப் பங்காளிக்குத்தான். ஆனாலும் எல்லைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியாருக்கு விற்றால் ஊரில் மனத்தாங்கல் வரும்.

ஆகவே நொத்தாரிசாக நான் முடிக்கும் உறுதிகளில் பல, தரகர் தலையிடாத விற்பனைகள்தான். கணக்கும் அதற்கே சாதகம். ஒரு கோடி ரூபா வீடென்று வைத்துக்கொள்வோம். முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மிச்சத்துக்கு நூற்றுக்கு 4. வாங்குபவர் 3,99,000 ரூபா கட்டியாக வேண்டும். அதில் தப்ப வழியில்லை. நூற்றுக்கு மூன்று என்று தரகர் கேட்டால் இன்னொரு 3 இலட்சம். இந்த ஊரில் அது ஒரு குசினியைத் திருத்திக் கட்டும் காசு.

தரகர் நல்ல விலை பேசித் தருவார் என்பார்கள். 5 இலட்சம் கூட்டி விற்றுத் தந்தால் அவருக்குக் கூடுவது 15,000 ரூபாதான். அதற்காக இன்னும் இரண்டு மாதம் அவர் ஏன் அலைய வேண்டும்? சிகாகோ வட்டாரத்து விற்பனைகளை ஆராய்ந்து லெவிட், சிவர்சன் என்ற பொருளியலாளர்கள் 2008இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் எண்களில் காட்டியது. தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருந்து, ஏறக்குறைய 3.7 வீதம் கூடிய விலை பெற்றார்கள். தரகர்மாரைக் குறை சொல்லவில்லை. கூலியை அப்படி அமைத்தால் யாரும் அப்படித்தான் நடப்பார்கள்.

ஆனால் தரகர் செய்யும் வேலை ஒன்று உண்டு: முகம் பார்க்காமல் கேள்வி கேட்பது. அவர் விலகினால் அந்த வேலை யார் தலையிலாவது விழ வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் மச்சான் முறை, ஒரே ஜமாஅத். "உறுதியைக் காட்டுங்க" என்று கேட்கவே கூச்சம். கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பார்களாம். அந்நியரிடம் வாங்கும்போது நூறு கேள்வி கேட்கும் மனிதர், சொந்தக்காரரிடம் வாங்கும்போது ஒன்றும் கேட்பதில்லை. வழக்காகி என்னிடம் வந்த காணிகளில் என்னை அதிகம் வருத்தியவை, இப்படி முகத்துக்கு அஞ்சி வாங்கியவைதான்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணத்தோடு உம்மாவும் வாப்பாவும் எழுதிக் கொடுத்தது. விலை பேச வருபவரோ கணவர். நான் முதலில் கேட்பது, "உறுதி யாருட பேரில, காக்கா?" பெண்சாதி பேரில் என்றால் அவரையும் கூட்டி வரச் சொல்வேன். தனியாக இருத்தி, விற்க விருப்பமா, விற்ற பிறகு எங்கே குடியிருக்கப் போகிறீர்கள் என்று கேட்பேன். இது சம்பிரதாயம் இல்லை. சீதன வீடு கைமாறிய பின் வாடகைக்கு அலையும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சில உறுதிகளில் உம்மா தனக்குச் சீவிய உருத்தை வைத்துக்கொண்டு மகளுக்கு நன்கொடை எழுதியிருப்பார். அந்த உம்மா பின்னறையில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருக்க, முன்னறையில் விலை பேசி முடித்திருப்பார்கள். அவர் கையொப்பம் இல்லாமல் வாங்கியவருக்கு வீடு முழுதாகச் சேராது.

கட்டாரிலோ சவூதியிலோ இருப்பவர் அற்றோணித் தத்துவம் அனுப்பியிருந்தால், விற்கும் அதிகாரம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா, அது இன்னும் நடப்பில் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

கடற்கரைப் பக்க உறுதிகளுக்கு இன்னும் பொறுமை வேண்டும். 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவர்களில் உறுதிக்காரிகள் பலர். உறுதியும் போனது, எல்லைக் கல்லும் போனது. உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுக்கலாம். மவுத்தானவரின் பங்குகள்தான் சிக்கல். பிள்ளைகள் இருந்தால் கணவனுக்கு நாலில் ஒன்று, உயிரோடிருக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் ஆறில் ஒவ்வொன்று, மிச்சம் பிள்ளைகளுக்கு. குடியிருக்கும் மகன் மட்டும் கையொப்பமிட்டால் அவர் பங்கு மட்டுமே விற்றதாகும். கரையிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால், 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் புதிதாகக் கட்டுவதற்கு அனுமதி கேட்கும். சுனாமி வீட்டுத் திட்டத்து வீடென்றால், கையில் இருப்பது உறுதியா, அளிப்பா, வெறும் அனுமதிப்பத்திரமா என்று பார்க்காமல் ஒரு ரூபாவும் கொடுக்கக்கூடாது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த காணியைப் பிரதேச செயலகத்தின் சம்மதமின்றி விற்க முடியாது.

பழைய உறுதிகள் நீள அகலத்தைப் பாகத்தில் சொல்லும், எல்லைகளை ஆட்களின் பேரில் சொல்லும். அந்த ஆட்கள் இன்று இல்லை. தரகருக்குக் கொடுக்காத காசில் ஒரு பகுதியை நில அளவையாளருக்குக் கொடுத்துப் பிளான் போடுங்கள் என்று வாங்குபவரிடம் மன்றாடுவேன். எட்டுப் பேர்ச்சஸ் வளவில் அரைப் பேர்ச்சஸ் குறைந்தால் அது ஒரு கிணற்றடி.

முற்பணம் பற்றி இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். கொப்பித் தாளில் முத்திரை ஒட்டி, மௌலவியின் சாட்சியோடு எழுதிய துண்டைக் கொண்டு அந்தக் காணியை எழுதித் தரும்படி நீதிமன்றத்தில் கேட்க முடியாது. சொந்தக்காரர்களுக்கிடையே 20 இலட்சம், 30 இலட்சம் இப்படித்தான் கைமாறுகிறது.

விலை குறித்து ஒன்று. தரகர் நடுவில் இருந்தால் வீட்டின் குறையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நேரில் பேசும்போது சொல்லலாம். மாரியில் குசினிக்குள் தண்ணீர் ஏறும், கிணறு கோடையில் உவர்க்கும் என்று விற்பவரே சொல்லி, வாங்குபவர் அதற்கேற்ப விலையைக் குறைக்க, இருவரும் ஸலாம் சொல்லி எழும்பிய பேச்சுகளை என் மேசையிலேயே கண்டிருக்கிறேன். விற்பவரும் வாங்குபவரும் உண்மை சொன்னால் வியாபாரத்தில் பரக்கத் இறங்கும் என்ற நபிமொழியை அந்த நேரத்தில் யாரும் ஓதிக் காட்டுவதில்லை. அதன்படி நடந்துகொள்கிறார்கள்.

உறுதி முடிந்ததும் இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் நான் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். வாங்கியவர் அதோடு இருந்துவிடக்கூடாது. முன்னால் எழுதிப் பதியாமல் கிடக்கும் உறுதியை, பின்னால் எழுதி முதலில் பதிந்த உறுதி வென்றுவிடும். பதிவாகிவிட்டதா என்று நேரில் போய்க் கேட்டு, பதிவேட்டுப் பிரதி ஒன்றை எடுத்து உறுதியோடு சேர்த்து வைக்க வேண்டும். பிறகு அதே பேரில் மாநகர சபையில் சோலை வரியை மாற்ற வேண்டும்.