போகாதவரின் கண்

அக்டோபர் 3, வெள்ளி

தசரா பார்த்துவிட்டுக் குலசை என்கிற குலசேகரப்பட்டினத்திலிருந்து விடியற்காலையில் வந்து சேர்ந்தோம். நள்ளிரவில் கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிந்த பிறகு, வண்டி நின்ற இடத்துக்கு நடந்து வருவதற்குள் கால் ஓய்ந்துவிட்டது. காதுக்குள் இன்னும் மேளம் அடித்துக்கொண்டிருக்கிறது. கார்டிலிருந்த படங்களைக் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டேன். திறந்து பார்க்கவில்லை.

அமெரிக்கத் தெருக்களைப் படமெடுத்துத் தள்ளிய கேரி வினோகிராண்ட், எடுத்த ஃபிலிமை ஓராண்டு, சில சமயம் இரண்டாண்டுகூடக் கழுவாமல் வைத்திருப்பார். எடுத்த அன்றைய சந்தோஷம் படத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வரும், அது வற்றிய பிறகு பார்த்தால்தான் படம் தேறுமா தேறாதா என்று தெரியும் என்பது அவர் கட்சி. 1984இல் அவர் இறந்தபோது கழுவாமலே கிடந்த ரோல்கள் சுமார் 2,500. கொள்கை கொஞ்சம் கைமீறிப் போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் விஷயம் சரி. பயணத்தில் எடுக்கும் படத்துக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். கூட்டத்தில் நசுங்கியபடி நின்றது, வேஷம் கட்டி வந்த தசரா குழுக்களின் தாரை தப்பட்டை நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது, வெந்நீர் கொடுத்த வீட்டுக்காரம்மாவின் முகம் எல்லாம் எனக்குப் படத்தோடு சேர்ந்தே தெரிகிறது. காகிதத்தில் அவை இருக்கின்றனவா என்பது வேறு கேள்வி. ஓராண்டு காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. எங்கள் புகைப்பட வட்டத்தில் குலசைக்கு வராத இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் காட்டினால் போதும், அந்த ஓராண்டு ஒரு மாலையில் கழிந்துவிடும்.

அக்டோபர் 5, ஞாயிறு

எங்களோடு வந்த கல்லூரித் தம்பிக்குப் பொறுக்கவில்லை. நேற்றே வாட்ஸ்அப்பில் படங்களை எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். இதயமும் கைதட்டலும் "செம அண்ணே"யும் வந்து குவிந்தன. அவனுக்குச் சந்தோஷம்தான். எந்தப் படம், அதில் என்ன என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பாராட்டில் தவறில்லை, அதை வைத்துக்கொண்டு அடுத்த முறை கேமராவை எங்கே பிடிப்பது என்பதுதான் தெரியாது.

குலசைக்கு வராத ஸ்டுடியோக்கார அண்ணாச்சி மட்டும் பதில் போடவில்லை. சாயங்காலம் எனக்குப் போன் செய்தார். "போன்ல பாத்தா எல்லாப் படமும் நல்லாத்தான் இருக்கும். பிரிண்டு போட்டுக் கொண்டாங்க."

அவர் சொல்வதில் கணக்கு இருக்கிறது. போன் திரை தானே ஒளிவிடுவது. நிழலுக்குள் இருப்பதையும் அது தூக்கிக் காட்டும். படம் சிறிதானால் லேசான ஆட்டமும் ஐ.எஸ்.ஓ. 6400இன் புள்ளிகளும் ஒளிந்துகொள்ளும். காகிதம் வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க மட்டுமே தெரிந்தது, அதனால் கறுப்பு கறுப்பாகவே நிற்கும். இரவுத் திருவிழாப் படங்களில் பாதி அங்கேயே விழுந்துவிடும். எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் போடக் கொடுத்திருக்கிறேன். தேர்வு செய்யும்போது கை நடுங்கியது என்று எழுதினால் மிகை. பிரிண்டுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்றதுமே கால்வாசிப் படங்களின் மேல் பிரியம் போய்விட்டது.

அக்டோபர் 12, ஞாயிறு

பாளையங்கோட்டையில் அண்ணாச்சியின் ஸ்டுடியோ மாடி. வழக்கம்போல் தரையில் பாய் விரித்து, படங்களைப் பரப்பி, சுற்றி உட்கார்ந்தோம். வழக்கமான சட்டமும் உண்டு: படத்துக்குச் சொந்தக்காரர் எல்லோரும் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் முதலில் என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும், நல்லதா கெட்டதா என்பது அப்புறம்.

சட்டத்தை முதலில் உடைத்தவர் வங்கிக்காரர். அவர் குலசைக்கு வராமல் இமாசலத்தின் ஸ்பிட்டிக்குப் போனவர். படத்தைக் கீழே வைக்கும்போதே, கீ மடாலம் 4,166 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் என்று ஆரம்பித்துவிட்டார். படத்தில் மூச்சு வாங்கவில்லை. மேலே சாலையிலிருந்து எல்லோரும் எடுக்கும் அதே கோணம், அதே குன்று, பின்னால் அதே பள்ளத்தாக்கு. டீச்சர் இன்னொரு படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். ஒரு பெண் சாக்கை விரித்துப் பட்டாணி பொறுக்கிக்கொண்டிருந்தாள், பாதி உடம்பு ஃபிரேமுக்கு வெளியே. "இவங்ககிட்ட ஏன் சார் நிக்கல?" நின்றாராம், நாலைந்து படம் எடுத்தாராம், சாதாரணமாக இருக்கிறது என்று கொண்டுவரவில்லையாம். அடுத்த முறை அதைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு நகர்ந்தோம்.

தம்பியின் காளி படம்தான் நீண்ட நேரம் ஓடியது. தீவட்டி வெளிச்சத்தில் காளி வேஷக்காரரின் முகம், நீட்டிய நாக்கு, பின்னால் மரக்கைகள் விரிந்து நிற்கின்றன. பார்த்ததும் அடிக்கும் படம். அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் அதை எடுத்துத் தலைகீழாக வைத்தார். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெசோன் இப்படித்தான் படங்களைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார் என்பார்கள். முகம் முகமாகத் தெரியாமல் போகும்போது வெறும் வடிவமும் வெளிச்சமும் மிஞ்சும். மிஞ்சியது என்னவென்றால், மூலையில் ஒரு எல்.இ.டி. விளக்கும் அதற்குக் கீழே ஃபிளக்ஸ் போர்டின் வெள்ளைத் துண்டும். கண் நேராக அங்கேதான் போனது.

"கை ஆடிச்சா, ஆட்டுனியா?" என்று மரக்கைகளின் மங்கலைக் காட்டி அண்ணாச்சி முதலில் கேட்டார். தம்பி வாயைத் திறக்கப் பார்த்து, சட்டம் நினைவு வந்து மூடிக்கொண்டான். டீச்சர் சொன்னார்: ஆடியதோ ஆட்டியதோ, சாமியாட்டத்தின் வேகம் அந்த மங்கலில்தான் இருக்கிறது, இன்னும் மெதுவான ஷட்டர் வைத்திருக்கலாம். எனக்கும் அதே எண்ணம்.

பேசும் முறை வந்ததும் தம்பி சொன்னான்: "அந்த லைட்ட எடுத்துரலாம்ணே. ஒரு நிமிஷ வேலை."

இது ஒவ்வொரு கூட்டத்திலும் வரும் சண்டை. நேஷனல் ஜியாகிரஃபிக் 1982 பிப்ரவரி இதழ் அட்டையில், குத்தான வடிவத்துக்கு அடங்கவில்லை என்று கீஸா பிரமிடுகளையே நெருக்கி வைத்த கதையை வங்கிக்காரர் எடுத்தார். அதற்கு அந்தப் பத்திரிகை வருஷக்கணக்காகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பிரமிடை நகர்த்துவதும் ஒரு விளக்கை அழிப்பதும் ஒன்றா என்று தம்பி கேட்டான். ஒன்றில்லைதான். ஆனால் அண்ணாச்சி அந்த வழிக்கே போகவில்லை.

"ரெண்டடி எடப்பக்கம் நகந்திருந்தா லைட்டு முகத்துக்குப் பின்னால போயிருக்கும்லா?"

"நகர எடமே இல்ல அண்ணாச்சி. எம்மேல நாலு பேரு சாஞ்சு கெடந்தாங்க."

உண்மை. பக்கத்தில் நானும் இருந்தேன், சாட்சி சொன்னேன். அண்ணாச்சி படத்தை நிமிர்த்தி வைத்து இன்னொரு முறை பார்த்தார்.

"எடம் இல்லங்கிய. அது படத்துல இல்லயே தம்பி. இதப் பாத்தா ஆளில்லாத மைதானத்துல நிம்மதியா நின்னு எடுத்த மாரில்லா இருக்கு."

இத்தனை நாளில் இந்த மாடியில் கேட்டதிலேயே எனக்கு மிகவும் பிடித்த விமர்சனம் இது. விளக்கை அழித்தால் படம் சுத்தமாகும், அவ்வளவுதான். நெரிசல் வேண்டுமென்றால் அந்த நாலு பேரின் தோளும் கையும் ஃபிரேமுக்குள் வந்திருக்க வேண்டும், காளியின் முகம் அவற்றுக்கு நடுவில் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். இடமில்லாததை நாங்கள் தடையாகவே நினைத்து, முண்டியடித்து முன்னால் போய், கூட்டத்தை வெளியே தள்ளிவிட்டுத்தான் எல்லோரும் எடுக்கிறோம். அங்கே போன மூன்று பேருக்கும் இது தோன்றவில்லை. எங்கள் தோள்களில் அந்த நெரிசல் இன்னும் வலித்துக்கொண்டிருக்கிறதே, படத்தில் இல்லை என்று எப்படித் தெரியும்?

பிறகு என் படம். வேஷம் கட்டிய ஒருவர் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நீல முகத்தோடு பேப்பர் கப்பில் டீ குடிக்கிறார். அண்ணாச்சிக்கும் வங்கிக்காரருக்கும் பிடித்திருந்தது. வெளிச்சம் நன்று, கிரீடத்தின் கண்ணாடிச் சில்லுகளில் வானம் தெரிகிறது என்றார்கள். என்னோடு அங்கே வந்திருந்த டீச்சர்தான் மறுத்தார்.

"சாமி டீ குடிக்கிது, சாமி செல்போன் பேசுது, சாமி பைக்ல போகுது. வருஷா வருஷம் இதத்தான் எடுக்கோம். பாக்கிறவங்க சிரிக்கணும்னு எடுக்கோம். அந்த மனுஷன் மாலை போட்டு விரதம் இருந்து, ஊர் ஊரா காணிக்கை பிரிச்சு, வேண்டுதல முடிக்க வந்திருக்காரு. அதுல ஒண்ணுகூட இந்தப் படத்துல இல்ல."

41 நாள், 48 நாள் என்று அவரவர் வேண்டுதலுக்கேற்ப விரதம் இருப்பவர்கள் அவர்கள். ஆனாலும் டீச்சரோடு நான் முழுதும் ஒத்துப்போகவில்லை. நான் பார்த்தது சிரிப்பை அல்ல, அசதியை. அந்தக் கிரீடத்தின் கனத்தை இறக்கி வைத்த கழுத்து படத்தில் இருக்கிறது. அதைச் சொன்னேன். "கழுத்து இருக்கு, நீல மூஞ்சியும் பேப்பர் கப்பும் அத மறைச்சிருது" என்றார். கப் வரும்முன் அவர் சும்மா உட்கார்ந்திருந்தபோது எடுத்த படமும் என்னிடம் இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வைத்தாலும் கப் படத்தைத் தள்ளுவேனா என்று தெரியவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

நேற்றும் இன்றும் டீச்சர் சொன்னதே மனதில் ஓடுகிறது. போகாதவர் படத்தில் இருப்பதை மட்டும் பார்க்கிறார், அவரை ஏமாற்ற முடியாது. கூடப் போனவர் வேறு வகை ஆபத்து, நாம் எதை விட்டுவிட்டு எடுத்தோம் என்பது அவருக்குத் தெரியும். அண்ணாச்சி இல்லாத டீச்சரும் டீச்சர் இல்லாத அண்ணாச்சியும் பாதி விமர்சனம்தான்.

ராத்திரி லின்னேயஸ் ட்ரைப்பின் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஆங்கிலேயப் படை அதிகாரி. 1854 டிசம்பரில் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்து, மறு ஆண்டு சென்னையில் நடந்த கண்காட்சியில் 68 படங்களை வைத்தார். காகிதத்தில் எடுத்த காட்சிப் படங்களில் சிறந்த வரிசை என்று நடுவர்கள் மதிப்பிட்டார்கள். பயணப் படங்களை விரித்துவைத்து நாலு பேர் கருத்துக் கேட்பது நம் பக்கம் அவ்வளவு பழைய வேலை. நடுவர்கள் பாராட்டியது ஒரு படத்தை அல்ல, வரிசையை. பிறகு 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே பட்டையாக ஆக்கினார். எந்தத் துண்டையும் தனியாக எடுத்துச் சுவரில் மாட்ட யாருக்கும் தோன்றாது. சேர்த்துப் பார்த்தால் கோயிலைச் சுற்றி நடப்பது போலவே இருக்கும்.

தம்பிக்குச் சொல்ல இன்னொன்றும் கிடைத்தது. அன்றைய ரசாயனத்தில் வானம் வெளுத்துப் போகும் என்பதால், ட்ரைப் நெகட்டிவின் மேல் சாயம் தீட்டி மேகம் உண்டாக்கியிருக்கிறார். சொன்னால் அந்த விளக்கை அழித்தே தீருவான். சொல்லாமல் இருப்பது நியாயமில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

தீபாவளி முடிந்த ஞாயிறு. அதிரசமும் முறுக்கும் டீச்சர் வீட்டிலிருந்து வந்தன, எண்ணெய்க் கை படத்தில் படக் கூடாது என்று அண்ணாச்சி பழைய துண்டொன்றைப் போட்டு வைத்திருந்தார். குலசைக்குப் போன மூவரின் படங்களையும் கலந்து, ஒரே வரிசையாக அடுக்கிப் பார்ப்பது என்று முடிவு. யார் படம் எது என்ற பேச்சு இல்லை.

வங்கிக்காரர் முதலில் பட்டாணிப் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். மடாலத்தைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது. அவருக்கு மட்டும் இன்னும் மடாலம்தான்.

வரிசையில் காப்புக் கட்டு, குழு ஊர்வலம், காளிகள், குறவன் குறத்தி, போலீஸ் வேஷம், கரடி வேஷம், எருமைத்தலையோடு வரும் சூரன், கடற்கரைக் கூட்டம் என்று அடுக்கினோம். தம்பியின் காளி விளக்கோடு இருந்தது, அழிக்கவில்லை. ட்ரைப் கதையைக் கேட்டுவிட்டு, "அவரு மேகந்தான வரைஞ்சாரு, கோயில அழிக்கலயே" என்றான். டீ குடிக்கிற என் படத்துக்குப் பதில் சும்மா உட்கார்ந்திருக்கும் படத்தை டீச்சரே தேர்ந்தெடுத்து வைத்தார். வரிசைக்குள் அது பொருந்தியது என்பதை ஒத்துக்கொள்கிறேன். தனியாக மாட்டுவதென்றால் இப்போதும் கப்தான்.

அண்ணாச்சி அந்த முனையிலிருந்து இந்த முனைவரை இரண்டு தடவை நடந்தார்.

"எல்லாஞ் சரி. இதுல குலசை எங்க இருக்கு?"

கோயில் கோபுரத்தைக் காட்டினோம். தலையை ஆட்டினார். இந்த வேஷங்களையும் கூட்டத்தையும் வைத்து இது எந்த ஊர் என்று சொல்ல முடியுமா, முகம் முகமாக எடுத்திருக்கிறீர்கள், தேரிக்காட்டுச் செம்மண் எங்கே, பனை எங்கே, உடன்குடி ரோட்டில் கருப்பட்டிக் கடை எங்கே, பகலில் அந்தக் கடல் என்ன நிறம் என்று கேட்டார். ஒருவர் லென்சிலும் இல்லை. நெருக்கமாக எடுத்தால் பலம் என்று படித்துப் படித்து, ஊரையே வெட்டிவிட்டிருக்கிறோம். அதிலும் இது மாறப்போகிற ஊர். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அங்கே 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. திருவிழாவின் காளியை அடுத்த ஆண்டும் எடுக்கலாம், சும்மா கிடக்கும் அந்தக் கடற்கரைச் சாலையை எடுக்க முடியுமா தெரியாது.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை போவது என்று முடிவாயிற்று. கொடியும் மேளமும் இல்லாத நாள். அன்று அங்கே என்ன இருக்கும் என்று தம்பி முனகினான். எந்த லென்ஸ் கொண்டுவரட்டும் என்றும் கேட்டான். டெலி லென்சை வீட்டில் வைத்துவிட்டு வா என்றார் அண்ணாச்சி. பிறகு, கடையை ஒரு நாள் அடைத்துவிட்டுத் தானும் வருவதாகச் சொன்னார். எங்களுக்குச் சந்தோஷம். டீச்சர்தான் இடைமறித்தார்.

"அண்ணாச்சி, நீங்களும் வந்துட்டா படத்தப் பாக்க யாரு இருக்கா?"

கொஞ்ச நேரம் எல்லோரும் யோசித்தோம். கடைசியில் வங்கிக்காரர், செவ்வாய்க்கிழமை தனக்கு எப்படியும் லீவு கிடைக்காது, தானே வராமல் இருந்துகொள்கிறேன் என்றார். வரும்போது ரெண்டு கிலோ கருப்பட்டி மட்டும் வாங்கி வர வேண்டுமாம்.