மாரியூர் பஸ்ஸை நிறுத்தினது நான்தான்!

முதல்ல ஒரு வாக்குமூலம். எங்க ஊர் மாரியூருக்குப் போற பஸ்ஸை நிறுத்தினவன் நான்தான். அடிக்க வராதீங்க, கம்ப்யூட்டர் கேம்லதான்!

‘டிரான்ஸ்போர்ட் டைகூன்’னு கேள்விப்பட்டிருக்கீங்களா? 1994-ல வந்த கேம். என்னைவிட வயசுல மூத்தது. கிறிஸ் சாயர்ங்கிறவர் அசெம்ப்ளி லாங்குவேஜ்ல எழுதினது. லேப்ல அந்த மாதிரி லாங்குவேஜ்ல ரெண்டு நம்பரைக் கூட்டவே எனக்கு நாக்கு தள்ளுது! அதையே 2004-லேர்ந்து ‘ஓபன் டிடிடி’ங்கிற பேர்ல வளர்த்துட்டு வர்றாங்க. இலவசம். ஹாஸ்டல் சீனியர் பென் டிரைவ்ல கொடுத்தார். அன்னியோட போச்சு தூக்கம்.

கையில கடன் பணம், கண்ணு முன்னாடி ஒரு மேப். ரோடு, தண்டவாளம், ஏர்போர்ட் எல்லாம் நம்ம இஷ்டம். தண்ணி மேல பாலமா? ரெண்டு கிளிக்! பாம்பன்ல 1914-ல திறந்த பழைய பாலத்துல 2022 டிசம்பர்ல ரயில் நின்னுச்சு. புதுப் பாலம் திறக்க 2025 ஏப்ரல் ஆச்சு. அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த ரெண்டு கிளிக் எப்பேர்ப்பட்ட போதைனு யோசிங்க.

கடுப்பேத்துறதுலயும் இதுக்கு ஈடு கிடையாது. ஒரு சிக்னலைத் தப்பா வச்சா பதினஞ்சு ரயில் வரிசையா நிக்கும். எதை முதல்ல நகர்த்தணும்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும். மரத்தை ஓவரா வெட்டினா, ‘உனக்கு ஸ்டேஷன் கட்ட அனுமதி இல்லை’னு ஊர் நிர்வாகம் முறைக்கும். திரும்ப மரம் நட்டு தாஜா பண்ணணும். (லஞ்சம் கொடுக்கவும் ஒரு பட்டன் உண்டு. மாட்டினா அவ்ளோதான்!)

எங்க மாவட்டத்தையே மேப்பா வரைஞ்சேன். ராமநாதபுரம், சாயல்குடி, கடலோரமா மாரியூர். வறண்ட ஊர் வளரணும்னா தண்ணியும் சாப்பாடும் கொண்டுபோய்க் கொட்டணும்னு கேம்ல ஒரு விதி இருக்கு. எங்க பக்கத்தைப் பார்த்துட்டுத்தான் எழுதினாரோ என்னவோ!

சாயல்குடி – மாரியூர் பஸ் மட்டும் நஷ்டம். எவ்வளவு தூரம், எவ்வளவு சீக்கிரம்னு பார்த்துதான் கேம்ல காசு. பக்கத்து ஊருக்குப் பத்து பேரை ஏத்திட்டுப் போனா என்ன தேறும்? ரெண்டு பஸ்ல ஒண்ணைக் குறைச்சேன். பஸ் லேட்டா வந்தா ஸ்டாப் ரேட்டிங் விழும், கூட்டம் இன்னும் குறையும். நஷ்டக் கணக்கு வந்துச்சு. மிச்சம் இருந்ததையும் வித்துட்டு நிம்மதியா தூங்கினேன்.

போன பொங்கல் லீவு. சாயல்குடியில இறங்கும்போது ராத்திரி ஒன்பது. ஊருக்குக் கடைசி பஸ் வரவே இல்லை. “ஆள் ஏற மாட்டேங்குது தம்பி, நாலு நாளா வரல”ன்னார் டீக்கடைக்காரர். ஸ்டாப்புல என்கூட ஒரு அப்பத்தா, மடியில மாத்திரைப் பை. “இனி நான் எப்புடிய்யா போறது?”னு என்கிட்ட கேட்டாங்க. நான் என்னத்தைச் சொல்ல? ‘ஆள் ஏறல’ங்கிற அதே கணக்கைப் போட்டவன்தானே நானும்!

அப்பாவுக்கு போன் போட்டேன். டூவீலர்ல வந்தார். அப்பத்தாவை முதல்ல அனுப்பிட்டு, அவர் திரும்பி வர்ற வரைக்கும் இருட்டுல தனியா உட்கார்ந்திருந்தேன்.

அன்னிக்கு ராத்திரியே லேப்டாப்பைத் திறந்து மாரியூருக்கு ஒரு பஸ் வாங்கி விட்டேன். இன்னும் ஓடுது. புது வருஷம் பொறந்தா நஷ்ட மெசேஜும் கரெக்டா வந்துடுது. பஸ் வேற பழசாகி வழியில நின்னு புகை விடுது. புதுசு வாங்கணும்னா காசு கொண்டுவர வேண்டிய எண்ணெய் ரயில், இதோ, மறுபடியும் சிக்னல்ல மாட்டிக்கிட்டு நிக்குது. இருங்க, அதைப் பார்த்துட்டு வர்றேன்!