ஐந்தில் நான்கு

பழைய கல்யாண டிவிடியைப் புது டிவியில் போட்டதும் வீட்டில் யாராவது ஒருவர் கேட்பார்: "என்ன, இப்படி மங்கலா தெரியுது?" கொஞ்சம் கணக்குப் போட்டால் காரணம் புரியும்.

நம் ஊர் டிவிடிக்கள் 'பால்' முறையில் பதிவானவை (குடிக்கிற பால் இல்லை!). 720 புள்ளி அகலம், 576 கோடு உயரம்; மொத்தம் 4,14,720 புள்ளிகள். ஃபுல் எச்டி திரையிலோ 1920க்கு 1080, அதாவது 20,73,600. சரியாக ஐந்து மடங்கு! படம் திரையை நிரப்பினால் ஐந்தில் நான்கு பங்கு டிவிக்குள் இருக்கும் வீடியோ சிப்பின் உத்தேசம்தான். அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து நடுவில் இருப்பதைக் கணிக்கிறது.

இன்னொரு சிக்கல். கேமரா ஒற்றைப்படைக் கோடுகளை ஒரு தவணை, இரட்டைப்படைக் கோடுகளை மறு தவணை என்று விநாடிக்கு 50 தவணையாக எடுத்திருக்கும். அதற்குள் தாலி கட்டும் கை நகர்ந்திருக்கும். இரண்டையும் அப்படியே சேர்த்தால் கையின் ஓரம் சீப்புப் பல் மாதிரி தெரியும். அதையும் சிப்தான் சரிசெய்கிறது.

வால்யூம் பட்டை மட்டும் எப்படிப் பளிச்சென்று இருக்கிறது? அது டிவிடியில் இல்லை. திரைக்கென்றே வரைந்து, தயாரான படத்தின் மேல் சிப் புள்ளி புள்ளியாகக் கலக்கிறது.

ஆனால் கேமரா பிடிக்காத தாத்தாவின் முகச் சுருக்கத்தை எந்தச் சிப்பாலும் மீட்க முடியாது. அதனால் பெரிதாக்கிய காப்பியை நம்பி மூலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அப்படியே ஒரு நகல் எடுத்து வையுங்கள். நாளை இதைவிட நல்ல சிப் வரலாம். அதற்கும் முதல், அந்த ஒரு பங்குதான்.