பசையும் முடிச்சும்: கியூர்பீப் நகரின் கப்பல் மாதிரிப் பட்டறைகள்

மொரீஷியஸ் தீவின் நடுமேட்டில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் அமைந்த கியூர்பீப் நகரின் பட்டறைகளில் பழைய பாய்க்கப்பல்களின் சிறு மாதிரிகள் செய்யப்படுகின்றன. துறைமுகத்தருகே தழைத்திருக்க வேண்டியதாகத் தோன்றும் இத்தொழில் மழை ஓயாத மேட்டு நகரொன்றில் வேரூன்றியிருப்பது விந்தையே. 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே போர்ட் லூயியைத் துறைமுக நகராக எழுப்புவதற்குப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை வரவழைத்தார் என்றாலும், இன்றைய மாதிரித் தொழிலை அந்த மரபின் தொடர்ச்சியாகக் கொள்ள இடமில்லை. 1968இல் ஒருவர் பொழுதுபோக்காகச் செதுக்கிய ஒற்றைக் கப்பலிலிருந்தே இது கிளைத்ததாகச் சொல்லப்படுகிறது. விக்டரி, பவுண்டி, எண்டவர், கோல்டன் ஹைண்ட் ஆகிய பெயர்பெற்ற கப்பல்கள் இங்கு மீண்டும் மீண்டும் பிறக்கின்றன. பெரிய மாதிரியொன்று முடிய 400 மணி நேரம் வரை ஆகிறது.

வேலைப்பிரிவினை பெரும்பாலும் பால்வழிப்பட்டது: உடற்பகுதியை ஆண்கள் கட்டுகின்றனர், கயிறும் பாயும் பெண்களின் கைக்குப் போகின்றன. பார்வையாளரின் கண் முதலில் மெருகேறிய மரத்தில்தான் படிகிறது. கப்பலை அறிந்தவரோ முதலில் கயிற்றைப் பார்ப்பார், ஏனெனில் மரத்தில் நேர்ந்த பிழையைச் சாயத்தாலும் மெருகாலும் மறைத்துவிட முடியும், கயிற்றில் நேர்ந்த பிழை வெளியில் நின்றுகொண்டே இருக்கும்.

உடற்பகுதி, ஏரா எனப்படும் அடிமரத்தின்மேல் வங்குகள் எனப்படும் விலா மரங்களை நிறுத்தி, அவற்றின்மீது மெல்லிய பலகைக் கீற்றுகளை வளைத்து ஒட்டுவதால் உருவாகிறது. தேக்கும் மகோகனியும் விரும்பப்படும் மரங்கள். விலை குறைந்த கற்பூர மரம் நாளடைவில் வெடிக்கக்கூடியது. தேக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. அதைக் கடற்பயணத்துக்கு ஏற்றதாக்கும் அதே எண்ணெய்ப் பசை, ஒட்டும் முகத்தில் படலமாகப் படிந்து பசையை மரநாருக்குள் இறங்கவிடாமல் தடுப்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் அம்முகத்தை அசிட்டோனால் துடைக்க வேண்டியிருக்கிறது.

பலகை ஒட்டுவதற்கு உரியது, ஃபெவிகால் என்ற வணிகப் பெயரால் தமிழ்நாட்டுத் தச்சர்கள் அறிந்துள்ள வெள்ளைப் பசையின் இனமான பாலிவினைல் அசிடேட். நீரில் கலந்த நுண்துகள்களாக இருக்கும் இப்பசை, நீர் மரத்துக்குள் உறிஞ்சப்பட்டபின் படலமாக இறுகுகிறது. அதுவரை கீற்றைக் கவ்வியோ ஊசியோ பிடித்திருக்க வேண்டும். விரைவை வேண்டுபவர் நாடும் சூப்பர் குளூ என்னும் சயனோஅக்ரிலேட், 1942இல் ஹாரி கூவர் என்ற அமெரிக்க வேதியியலாளர் துப்பாக்கிக் குறிநோக்கிக்கு ஏற்ற தெளிந்த பிளாஸ்டிக்கைத் தேடியபோது எதிர்ப்பட்டு, 1958இல் விற்பனைக்கு வந்த பொருள். பரப்பில் உள்ள ஈரமே இதை இறுகச் செய்கிறது என்பதால் கியூர்பீப் போன்ற ஈரக்காற்று நகரில் அது இன்னும் விரைந்து பிடிக்கும். அதே ஈரக்காற்றில் அதன் ஆவி ஒட்டைச் சுற்றி வெண்பூச்சாகப் படிந்து கருமரத்தின் அழகைக் கெடுக்கும். மேலும் இறுகிய பசை நொறுங்கும் தன்மையது. பருவத்துக்கேற்ப மரம் விரிந்து சுருங்கும்போது வெள்ளைப் பசை சிறிது இசைந்துகொடுக்க, இது விட்டுவிடுகிறது. விநாடிகளை மிச்சப்படுத்தும் பசை, மரத்தை மரத்தோடு நிரந்தரமாகச் சேர்க்க வேண்டிய இடத்தில் தகுந்த தேர்வு ஆகாது. உலரும்வரை ஒரு கீற்றைத் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தவே அது பயன்படலாம். உலோகத்தை மரத்தோடு இணைக்க, இரு கூறுகளைக் கலந்து பயன்படுத்தும் எபாக்சியே தகும்.

உலோகத்தில் ஈயம் தனி எச்சரிக்கைக்கு உரியது. வார்ப்பதற்கு எளிது என்பதால் பீரங்கிகளும் நங்கூரங்களும் ஈயத்தில் செய்யப்படுவதுண்டு. மூடிய கண்ணாடிப் பேழைக்குள் சில மரங்களும் வெள்ளைப் பசையும் மெல்ல வெளிவிடும் அசிட்டிக் அமில ஆவி அந்த ஈயத்தை ஆண்டுக்கணக்கில் தின்று வெண்பொடியாக்கிவிடுகிறது. பழங்காலத்தில் காடிக் கலயத்தில் ஈயத்தகட்டை வைத்து வெள்ளைச் சாயம் எடுத்த முறையும் இதுவே. ஓவியருக்கு உதவிய வேதிவினை மாதிரிக் கலைஞருக்குக் கேடாகிறது.

கயிற்றுவேலையில் பசையின் இடம் தலைகீழாகிறது. உடற்பகுதியைப் பசை தாங்குகிறது. கயிற்றையோ முடிச்சே தாங்க வேண்டும், பசை அம்முடிச்சு அவிழாதபடி காவல் நிற்பதோடு சரி. பாய்மரங்களை அசையாது நிறுத்தும் நிலைக்கயிறுகள் நிஜக் கப்பலில் தார் பூசப்பட்டவை என்பதால் மாதிரியில் கருநூலாலும், பாயையும் பருமல் எனப்படும் குறுக்குமரத்தையும் இயக்கும் ஆஞ்சான், தாமான் முதலிய கயிறுகள் சணல் நிற நூலாலும் அமைகின்றன. பக்கத்தாங்கு கயிறுகள் இணை இணையாகப் பாய்மர உச்சியில் மாட்டப்படும்: வலப்புறத்து முன்னிணை முதலில், பின் இடப்புறத்து முன்னிணை, மீண்டும் வலம் என மாறி மாறி. இந்த ஒழுங்கு வெறும் சடங்கு அன்று. ஒருபுறத்தை முழுதும் முடித்துவிட்டு மறுபுறம் போனால் மெல்லிய பாய்மரம் இழுத்த பக்கமே சாய்ந்துவிடும். ஒவ்வொரு கயிற்றின் அடியிலும் மூன்று துளை கொண்ட மரவட்டு கட்டப்பட்டு, கப்பல் பக்கத்தில் பதித்த மற்றொரு வட்டோடு சிறு நூலால் கோக்கப்படுகிறது. பின்னாளில் தளர்ந்த கயிற்றை இறுக்குவது இந்தக் கோவையின் வழியாகத்தான்.

பொறுமையை மிகுதியாகக் கேட்பது ஏணிப்படிக் கயிறு. நிஜக் கப்பலில் மாலுமி ஏறும் படிகளின் இடைவெளி ஓரடி அல்லது அதற்குச் சற்று மேல். நூறில் ஒரு பங்கு மாதிரியில் அது மூன்று, நான்கு மில்லிமீட்டராகிவிடுகிறது. ஒவ்வொரு படியும் ஒவ்வொரு தாங்குகயிற்றிலும் இருமுறை சுற்றி, இரண்டாம் சுற்றின் அடியில் நுழைத்து இறுக்கும் முடிச்சால் கட்டப்பட வேண்டும். ஒரு கை அழுத்தம் கூடினால் தாங்குகயிறுகள் நடுவே இடுப்பு சிறுத்ததுபோல் உள்வாங்கிவிடும். முடிச்சுக்குப் பதில் நூலைக் குறுக்கே கிடத்திச் சூப்பர் குளூ வைக்கும் குறுக்குவழியும் உண்டு. பசை ஊறிய இடம் கருத்துப் பளபளக்கும், கம்பிபோல் விறைத்த நூல் வளைத்தால் ஒடியும். நீர் கலந்த வெள்ளைப் பசையைத் தூரிகை நுனியால் முடிச்சில் தொட்டால் அது மங்கலாக உலரும்; பிழை தெரிந்தால் மீண்டும் நனைத்து அவிழ்த்துக்கொள்ளலாம்.

நூலின் தேர்வும் ஊர்க்காற்றைப் பார்த்தே நடக்க வேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் இறுகி வறட்சியில் தளரும். ஈரமான மேட்டு நகரில் நாணேற்றியதுபோல் கட்டப்பட்ட கயிறு, குளிர்காலத்தில் கணப்பு எரியும் ஐரோப்பிய வீட்டுக்கூடத்தின் வறண்ட காற்றில் தொய்ந்துபோகும். பாலியெஸ்டர் நூல் இந்த ஏற்றத்தாழ்வுக்கு அவ்வளவாக ஆட்படுவதில்லை. பருத்தியின் பிசிறை அடக்கத் தேன்மெழுகு தடவுவது வழக்கம். மெழுகேறிய நூலில் நீர்ப்பசை சரியாகப் பிடிக்காது என்பதால், அங்கே முடிச்சின் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

பாய்களைத் தேநீரில் தோய்த்துக் கடற்காற்றில் பழுத்த நிறம் ஏற்றியபின் மிஞ்சுவது, தளத்து முளைகளில் சுற்றிய கயிறுகளின் மிகுதியை வளையங்களாக மாட்டும் வேலை. அளவு நூறில் ஒன்றாகக் குறையும்போது எடை பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. நிஜக் கயிறு தன் பாரத்தால் தொங்க, நூலோ வாழைநார்போல் விறைத்து அந்தரத்தில் நிற்கும். ஆகவே வளையத்தைத் தனியே சுற்றி, நீர்ப்பசையில் நனைத்து, முளையில் மாட்டி, உலரும்வரை ஊசி முனையால் கீழ்நோக்கி அழுத்தி வைக்கின்றனர்; அந்த ஓரிடத்தில் மட்டும் பசை, கயிற்றுக்கு இல்லாத கனத்தின் வேலையைச் செய்கிறது.