ஓடிய தூரமும் ஓட்டும் வண்டியும்

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

மனித உடலின் உழைப்பை இவ்வளவு சிக்கனமாகப் பயணமாக மாற்றித் தரும் பொறி மிதிவண்டியைப் போல் வேறொன்று இல்லை. எரிபொருள் வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம், நிறுத்தி வைக்கப் பெரிய இடமும் வேண்டாம். 1817இல் ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் செய்த மரவண்டிக்குப் பெடல் இல்லை. காலால் தரையை உந்தித்தான் அதை ஓட்ட வேண்டும். 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறத்தாழச் சம அளவுள்ள இரு சக்கரங்களும் பின்சக்கரத்தைச் சுழற்றும் செயினும் கொண்ட வண்டியை உருவாக்கினார். 1888இல் டன்லப் அதற்குக் காற்றடைத்த டயரைத் தந்தார். இன்று நாம் ஏறிவரும் வண்டி அடிப்படையில் அதே வண்டிதான். அதைப் பேணும் முறையும் பெரிதாக மாறிவிடவில்லை. புதிதாக வந்திருப்பது, ஓடிய தூரத்தையும் வேகத்தையும் அளந்து சொல்லும் வசதி. அது இப்போது நம் புத்தகப் பைக்குள்ளேயே, கைபேசி வடிவில் இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களாகிய நமக்கு மிதிவண்டி வெறும் வாகனம் அன்று. 1991-92இல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியும் சேர்ந்து பரவியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றனர். பெண்கள் வண்டி போதுமான அளவு கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே ஓட்டினர். முன்பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு.

அப்படிக் கற்றவர்களில் என் அப்பாயியும் ஒருவர். மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்த வண்டியில் கற்றவர். இன்றும் என் வண்டியை இரண்டு அங்குலம் உயரம் தூக்கித் தரையில் விடச் சொல்வார். "எது சலசலங்குதுன்னு கேளு ஆயி. அதுதான் நாளைக்கு ஒன்னைய நடுரோட்டுல நிப்பாட்டப் போவுது" என்பார். மட்கார்டு நட்டு, கேரியர் திருகு, கழன்ற போக்ஸ் கம்பி என்று எது தளர்ந்திருந்தாலும் அந்த ஒரு தட்டலில் குரல் கொடுத்துவிடும். ஒரு நிமிடம் கூட ஆகாத இந்தச் சோதனையைத் தோழியர் அனைவரும் வாரம் ஒருமுறை செய்து பார்க்க வேண்டுகிறேன்.

என் ஊரிலிருந்து நம் கல்லூரிக்கு ஒன்பது கிலோமீட்டர். காலைப் பேருந்தை விட்டால் அடுத்தது வருவதற்குள் முதல் வகுப்பு முடிந்துவிடும். ஆகவே, பதினோராம் வகுப்பில் அரசு தந்த விலையில்லா மிதிவண்டிதான் இன்றுவரை என்னைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. வண்டி அடிக்கடி பழுதானால் நாம் இழப்பது ஒரு மணி நேர வகுப்பு மட்டும் அன்று. இருட்டிய பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு சேர்ந்தால், "எதற்கு இந்த அலைச்சல்?" என்ற பேச்சு எழும். அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்பதை நம்மில் பலர் அறிவோம். எங்கள் தெருவில் ஒருத்தி இரண்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்டாள். அடிக்கடி கழன்ற செயின்தான் அதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தயங்கிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்கு அது சொல்லிக்கொள்ள ஒரு காரணமாயிற்று. எனவே மிதிவண்டியைப் பேணுவது நம் படிப்பைப் பேணுவது என்று கூறின் அது மிகையாகாது.

முதலில் எவற்றை வாங்கலாம்? கையில் இருக்கும் பணம் குறைவு. ஆகவே வரிசை முக்கியம். காற்றடிக்கும் பம்பு, இரண்டு மூன்று அளவு ஸ்பானர், ஒரு முழம் வால்டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள் ஆகியவை முதலில். பின்புறம் சிவப்பு ரிஃப்ளெக்டர், முன்னும் பின்னும் விளக்கு, நல்ல மணி, பூட்டு ஆகியவை அடுத்து. துப்பட்டாவோ புடவையோ அணிந்து ஓட்டுபவர்கள் பின்சக்கரத்துக்கு வலைத்தடுப்பும் செயினுக்கு முழு மூடியும் போட்டுக்கொள்ள வேண்டும். துணி சக்கரத்தில் சிக்கினால் வண்டி நின்ற இடத்திலேயே தூக்கி எறியும். தூரம் காட்டும் மீட்டரைக் கடைசியில் வாங்கலாம், வாங்காமலும் விடலாம்.

அந்த மீட்டர் வேலை செய்யும் விதம் எளிது. போக்ஸ் கம்பியில் ஒரு சிறு காந்தம்; ஃபோர்க்கில் ஓர் உணர்கருவி. காந்தம் கடக்கும்தோறும் ஒரு சுற்று என்று எண்ணப்படும். சுற்றின் எண்ணிக்கையைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால் தூரம். ஆகவே சுற்றளவைச் சரியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு. டயரில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டு, வண்டியில் ஒருவர் உட்கார்ந்திருக்க ஒரு சுற்று உருட்டி, தரையில் விழுந்த இரண்டு குறிகளுக்கு இடையே அளக்க வேண்டும். என் வண்டிக்கு 208 சென்டிமீட்டர் வந்தது. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 480 சுற்று. இந்த அளவில் இரண்டு சென்டிமீட்டர் பிசகினால், நூறு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கணக்குத் தவறும்.

கைபேசியின் வழி வேறு. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் குறிப்பலைகளைப் பெற்று, அது தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. பின்னர் அந்த இடப்புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்துத் தூரம் சொல்கிறது. அதனால் வளைவுகளில் கொஞ்சம் குறைத்துச் சொல்லும்; அடர்ந்த மரங்களுக்கு அடியில் தடுமாறும். இடம் அறிய இணையம் தேவையில்லை. வரைபடத்தைப் பார்க்கத்தான் தேவை. மின்கலச் சேமிப்பு முறையில் வைத்தால் பாதி வழியில் கணக்கை நிறுத்திவிடக்கூடும். வீட்டில் தொடங்கிவைத்துப் பைக்குள் போட்டுவிட்டால் கல்லூரி வந்து பார்த்துக்கொள்ளலாம். ஓட்டும்போது அதைப் பார்க்கவும் வேண்டாம். காதில் பாட்டு கேட்கவும் வேண்டாம். பின்னால் வரும் லாரியின் ஓசையும் செயினின் ஓசையும் நம் காதுக்கு எட்ட வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாம் தினமும் எந்த நேரத்தில், எந்தத் தெருவிலிருந்து புறப்பட்டு, எந்தத் தனி வழியில் செல்கிறோம் என்பது முழுவதும் அந்தப் பதிவில் இருக்கிறது. 2018 ஜனவரியில், ஸ்ட்ராவா என்னும் செயலி வெளியிட்டிருந்த உலக வரைபடத்தில் ஒளிக்கோடுகளாகத் தெரிந்த தடங்களைக் கொண்டு, பாலை நிலங்களில் இருந்த இராணுவ முகாம்களையே வெளியார் அடையாளம் கண்டனர். முகாமுக்கே அந்த நிலை என்றால், தனியே வந்து போகும் மாணவிக்குச் சொல்லவும் வேண்டுமோ? பதிவை நாம் மட்டுமே பார்க்கும்படி வைத்துக்கொள்வோம். தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மறைக்கும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துவோம்.

சரி, இந்தத் தூரக் கணக்கால் என்ன பயன்? பிறரோடு போட்டியிட்டு மகிழ்வது ஒரு பயன். எனக்குக் கிடைத்தது வேறு. ஒரு நாளைக்குப் போக வர 18 கிலோமீட்டர். ஆண்டுக்கு 180 வேலை நாள் என்றால் 3,240 கிலோமீட்டர். அதற்குள் என் சக்கரம் பதினைந்து லட்சம் முறைக்கு மேல் சுற்றிவிடுகிறது. இத்தனை முறை சுற்றும் ஒன்றுக்கு எண்ணெயும் காற்றும் எப்போது வேண்டும் என்பதை, தோன்றியபோது முடிவு செய்வது எப்படிப் பொருந்தும்? அதனால் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, ஓடிய தூரம், செய்த வேலை என்று மூன்று பத்தி போட்டு எழுதி வருகிறேன்.

வாரம் ஒருமுறை காற்று. டயரின் பக்கத்திலேயே எவ்வளவு அழுத்தம் என்று அச்சிட்டிருக்கும். காற்று குறைந்த வண்டி பள்ளத்தில் இறங்கினால், ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்கி, பாம்புக்கடிபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ஒரே ஓட்டை என்றால் பெரும்பாலும் நம்மூர்ச் சீமைக்கருவேல முள்தான். ஒட்டியவுடன் டியூபை உள்ளே தள்ளிவிடக் கூடாது. டயரின் உட்புறத்தைப் பழந்துணியால் ஒரு சுற்றுத் துடைக்க வேண்டும். முள் இருந்தால் துணி மாட்டிக்கொள்ளும். அதை எடுக்காமல் விட்டால் அடுத்த பஞ்சர் அன்று மாலையே.

இருநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை செயின். எங்கள் வழியின் புழுதிக்கு இந்தக் கணக்குச் சரியாக இருக்கிறது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுக்கை எடுத்து, காய்ந்த பிறகு மெல்லிய எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, மேலே வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடுவது நல்லதன்று. குளிரில் உறையும், புழுதியோடு சேர்ந்து பசையாகும். ரிம்மில் ஒரு சொட்டும் படக்கூடாது. பட்டால் பிரேக் வழுக்கும். செயினின் நடுவில் விரலால் அசைத்தால் மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆட வேண்டும். அதற்கு மேல் ஆடினால் கழலும். ஆடவே இல்லையென்றால் பால்ரஸ் தேயும்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினை அளந்து பார்ப்பது நல்லது. ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடுவரை அரை அங்குலம்; ஆகவே 24 இடைவெளிகளுக்குச் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஸ்கேலை வைத்துப் பார்க்கும்போது மாகாணி அங்குலம், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். அரைக்கால் அங்குலம் கூடும்வரை விட்டால், பற்சக்கரமும் ஃப்ரீவீலும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். அப்போது செலவு ஒன்றுக்கு மூன்றாகும்.

பிரேக்கைத் தினமும் பார்க்க வேண்டும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் கட்டை எளிதில் பிடிக்காது. ஆகவே நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னதாகவே மெல்ல அழுத்தி, ஈரம் துடைபட்ட பின் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பெடல் மாற்ற நேர்ந்தால் ஒன்றை நினைவில் வைக்கலாம்: இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். வழக்கம்போல் திருகினால் கழல்வதற்குப் பதில் இறுகும். ஆண்டு விடுமுறையில் ஒருமுறை ஓவராயிலிங், கோட்டம் எடுத்தல் ஆகியவற்றை மட்டும் சைக்கிள் கடையில் விட்டுச் செய்துகொள்ளலாம். அப்போதும் அருகில் நின்று பார்ப்பது நல்லது. கற்க நிறைய இருக்கிறது.

தோழியரே, இவற்றுள் எதுவும் நம்மால் ஆகாத வேலை அன்று. பௌதிக ஆய்வகத்தில் திருகு அளவியால் கம்பியின் தடிமனை அளக்கும் கைகளுக்கு ஒரு செயினை அளப்பதா கடினம்? நம் கல்லூரி மிதிவண்டிக் கொட்டகையில் ஒரு பம்பு, ஒரு ஸ்பானர் தொகுதி, ஓர் எண்ணெய்க் குப்பி இவற்றை வைத்து, நாட்டு நலப்பணித் திட்ட மாணவியர் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு இசைவு தர வேண்டும் என்று இம்மலர் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். கொட்டகையில் இன்று 'வண்டி கெட்டுவிட்டது' என்று நிற்கும் முதலாண்டுத் தங்கை, நாளையும் வகுப்புக்கு வர வேண்டும். அதற்கு நம்மால் ஆன உதவியை அடுத்த பருவத்தின் முதல் நாளிலேயே தொடங்குவோம்.