கால் மில்லிமீட்டர்

எங்கள் அத்தாவின் ஒரே உடைமை பழைய அம்பாசிடர் வாடகைக் கார். 1984ஆம் ஆண்டு அது நீலப்புகை கக்கத் தொடங்கியது. பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து, எஞ்சின் எண்ணெய் மேலேறி எரிந்ததன் அடையாளம் அது. அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியிலேயே எஞ்சினைப் பிரித்தோம். 1960களில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரிந்த அண்டைவீட்டு மேஸ்திரி வழிகாட்டினார்.

வண்டி ஓடாத ஒவ்வொரு நாளும் எங்கள் அடுப்பைத் தொட்டது. அந்த அவசரத்தில், கடையில் வாங்கிய ரிங்குகளை அளந்து பாராமலே பிஸ்டன்களில் மாட்டிவிட்டேன்.

மாலையில் வந்த மேஸ்திரி, "தம்பி, எல்லாவற்றையும் கழற்று" என்றார்.

"இன்னும் எத்தனை நாள் மேஸ்திரி?" என்று அத்தா சலித்துக்கொண்டார்.

"பாருங்கள் பாய்" என்றவர், ஒரு ரிங்கைச் சிலிண்டரின் தேயாத கீழ்ப்பகுதிக்குள் பிஸ்டனால் நேராகத் தள்ளினார். அதன் இரு முனைகளுக்கிடையே ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை வைத்தார். நுழையவில்லை. அங்கே ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். சூட்டில் வார்ப்பிரும்பு விரியும். விரிய இடமில்லையேல் முனைகள் முட்டி, ரிங் ஒடிந்து, சிலிண்டரையே கீறிவிடும். அத்தா மறுபேச்சுப் பேசவில்லை.

ஒவ்வொரு ரிங்காக அளந்து, இறுக்கமானவற்றின் முனைகளை மெல்லிய அரத்தால் அராவினோம். ஒன்றன் வாய் மற்றொன்றுக்கு நேரே அமையாதவாறு திருப்பி மாட்டினோம். இரண்டு நாள் வருமானம் போயிற்று, எஞ்சின் பிழைத்தது.

இன்று என் மகன் எதிலேனும் அவசரப்பட்டால் நான் கடிந்துகொள்வதில்லை. "அளந்தாயா?" என்று மட்டும் கேட்கிறேன்.